ஹரிப்ரசாத்தின் பச்சைக் கடல்

கௌரி ஹப்பப் பண்டிகையன்று, ஒப்பட்டுப் போளியை வாயில் வைத்துக்கொண்டே அபூர்வா கணவனுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"நவராத்திரிக்குள்ள உன் தொட்டியில மீன் கண்ணுக்குத் தெரியணும், ஹரி. தெரியலையா, தொட்டியை வித்துட்டு அந்த எடத்துல கொம்பெக் கொலுவுக்குப் படி கட்டிடுவேன். ஹால்ல பொம்மைக்கு வேற எடம் இல்லை."

மைசூருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மலைத்தொடரே இருப்பதைப் பொருட்படுத்தாமல், குவெம்புநகர் வீட்டு ஹாலில் ஹரிப்ரசாத் ஒரு கடல் வைத்திருந்தான். உப்பை அளந்து கரைத்து, பவளங்களை ஒட்டி, ஆரஞ்சு மீன் ஜோடி ஒன்றைக் குடியேற்றி, நம் கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு மெனக்கெடவில்லை என்று மனைவியிடம் பேச்சு வாங்கிய கடல். இப்போது அதில் பாசி மட்டும்தான் சௌக்கியமாக இருந்தது. பாறைமேல், குழாய்மேல், பவளத்தின் தலைமேல் எல்லாம் கூந்தல் கூந்தலாக வளர்ந்து, ஷாம்பு விளம்பரத்துக்கே அனுப்பலாம் போல் அலைந்தது. ஹரியின் தலையில்தான் முன்பக்கம் காலியாகிக்கொண்டிருந்தது.

பழைய பிரஷ்ஷால் தேய்த்தான். தேய்த்தது மிதந்துபோய் வேறிடத்தில் ஒட்டிக்கொண்டது. நத்தைகள் வாங்கி விட்டான். அவை பாசியை ஒரு வாய் தின்றுவிட்டு, கண்ணாடிமேல் ஏறி ரிடையர் ஆயின. விளக்கை அணைத்துத் தொட்டிக்குப் போர்வை போர்த்தினான். பாசி நன்றாகத் தூங்கி எழுந்தது.

மீன் கடைக்காரர் மஞ்சுநாத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். சோதனைக் குழாய் மை ஊற்றியது போல் நீலமாயிற்று.

"சார், உள்ள எக்கச்சக்க பாஸ்பேட். பாசிக்கு யாரோ சாப்பாடு போடறாங்க. மீன் தீனியைக் குறைங்க."

ஹரி குறைத்தான். மீன்கள் கண்ணாடியோரம் வந்து, சம்பளம் வராதவர்கள் போல் அவனைப் பார்த்தன. பாசியோ கொழுத்தது. போதாக்குறைக்கு, நுரை எடுக்கும் கருவியின் கிண்ணத்தில் டிகாக்ஷன் விடாத காபி போல் ஏதோ பொங்கி வழிந்தது. முகர்ந்து பார்த்தான். புளித்த வாடை. சந்தேகம் அபூர்வாமேல்தான் விழுந்தது.

"நீதான் எதையோ ஊத்தறே. கொம்பெக்கு எடம் வேணும்னு."

"சும்னே இரு, ஹரி. உன்னைக் கவனிக்கவே எனக்கு டைம் இல்லை. உன் பாசிக்கு ஊட்டிவிடுவேனா?"

மறுநாள் ஆபீசில் நெட்வொர்க் படுத்துவிட, மத்தியானமே வீடு திரும்பினான். ஹாலில் அவன் அம்மா பத்மாஸினி தொட்டி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். கையில் வெள்ளிப் பாலாடை. குழந்தையில் அவனுக்கே பால் புகட்டியது. அதன் மூக்கிலிருந்து வெள்ளையாக ஒரு தாரை, பவளத்தின்மேல் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா!"

"கத்தாதேடா. பெருமாள் பால் கண்டருளிண்டிருக்கார்."

"மீன் தொட்டியில எந்தப் பெருமாள்?"

"இது சமுத்திரம்னு நீதானே சொன்னே? சமுத்திரம்னா அவர் அதுல சயனிச்சிண்டிருப்பார். பாற்கடல்ல இருந்தவரை வெறும் உப்புத் தண்ணியில படுக்கப் போட்டா எப்படி? முதல்ல ஒரு பாலாடைதான் சேர்த்தேன். பச்சை வந்ததும் பயந்துபோய் ரெண்டாக்கினேன். அபூர்வா விக்கறேன்னாளா, உன் தொட்டி போகப்படாதுன்னு வேண்டிண்டு ஒரு டம்ளராவே ஆக்கிட்டேன்."

ஹரி சோபாவில் உட்கார்ந்தான். பாசி வளர வளரப் பால். பால் ஊற்ற ஊற்றப் பாசி.

"அம்மா, உன் பால்தான் அந்தப் பாசிக்கே சாப்பாடு. நிறுத்து."

"வேண்டிண்டதை நிறுத்தப்படாது."

"அப்போ டம்ளரை வெளியில வெச்சுப் பெருமாளுக்குக் காட்டு."

"காட்டினதை யாராவது சாப்பிடணுமே. கொட்டப்படாது." அம்மா அவனையே பார்த்தாள்.

பால் ஆடையைக் கண்டாலே ஹரிக்குக் குமட்டும். இருந்தும் தினமும் தொட்டிக்கு முன்னால் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். தண்ணீரை மாற்றினான், தேய்த்தான், குடித்தான். பாசி இளைத்தது, ஹரி பெருத்தான். நவராத்திரி முதல் நாள் மீன் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. அபூர்வா தொட்டியை ஒட்டினாற்போல் சின்னதாகப் படி கட்டி, சயனப் பெருமாள் பொம்மையைத் தொட்டியோரமாக வைத்தாள்.

சாயங்காலம் எதிர்வீட்டு ரங்கம்மா மாமி பொம்மை பார்க்க வந்தாள். கையில் டம்ளர்.

"பாலாலதான் பச்சை போச்சாமே, உங்கம்மா சொன்னா. நானும் துளி சேர்த்துட்டுப் போறேன் கணோ ஹரி. என் பேரனுக்கு விசா வரணும்." மூடியைத் தூக்கக் கையை நீட்டினாள்.

ஹரி பாய்ந்து நடுவில் நின்றான். "இப்படிக் குடுங்கோ மாமி" என்று டம்ளரைப் பிடுங்கி, ஆடையோடு ஒரே மடக்கில் விழுங்கினான். கண்ணில் நீர் முட்டியது.

"என்ன பக்தி!" என்று உருகிய மாமி, வாசலைத் திரும்பிப் பார்த்து, "உள்ள வாங்கோ, அவரே வாங்கிக்கறார்" என்றாள்.

அங்கே இன்னும் மூன்று டம்ளர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தன.