கழுவின மணல்

கேதீஸ்வரிக்குத் தாய் சீதனமாய்க் கொடுத்த நாவற்குடா வீடு நல்லாய்த்தான் இருந்தது, அவள் புருஷன் உதயரூபன் யூடியூப் பார்க்கத் தொடங்கும்வரை. "மேசன்மாரை நம்பேலாது, நானே செய்யுறன்" என்று அவன் சமையல் நடக்கிற குசினியின் சுவரை இடித்துப் போட்டான். மகள் ஆர்த்திகாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கேதான் வந்து குடியிருப்பான். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்குமுன் சுவரைப் பார்ப்பார்கள். ஆர்த்திகாவோ ஆரையம்பதி நிதுர்ஷனைத் தவிர வேறு எவனையும் கட்டமாட்டேன் என்று நின்றாள்.

புதுச் சுவருக்கு மணலை உதயரூபன் கடலோடு கலக்கிற வாவியின் கரையில் அள்ளிவந்தான். சாக்கை அவிழ்த்ததும் செத்த நண்டும் அழுகின பாசியும் சேர்ந்து நாறின நாற்றத்தில் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இஞ்ச பாருங்க, இது உப்பு மண். செவர் நிக்காது."

"விசர்க்கதை கதையாத. கழுவித்தானே பூசப்போறன்."

கழுவினான்தான். எந்தத் தண்ணீரில்? வீட்டு வளவுக் கிணற்றில். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஊரில் கோடை வந்தால் அந்தக் கிணறு கரிக்கும், வாயில் வைக்க ஏலாது.

"அந்தத் தண்ணியில பருப்பே அவியாது. உப்பை உப்பாலயா கழுவுற?"

"பருப்பு வேற, மணல் வேற."

இந்த மூளையோடு எந்தச் சுவரில் போய் முட்டுவது? கழுவின மணலை அவன் அரித்தது வேறெதிலுமில்லை, அவள் புட்டுக்கு மா அரிக்கிற அரிதட்டில். அதில் ஒரு நண்டுக்கால் சிக்கியிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குப் புட்டே இறங்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான். பூசின சுவர் வியர்த்தது. வெள்ளையாய் உப்புப் பூத்தது. மேலே அடித்த பெயின்ற் கொப்பளித்துச் சிரங்குத் தோலாய் உரிந்தது. அவன் துவாயால் சுவரைத் துடைப்பான், அதே துவாயால் முகத்தையும் துடைத்துக்கொண்டு, "முக்காவாசி முடிஞ்சிது" என்பான். சீ என்றிருந்தது அவளுக்கு. சுவரைப் பார்த்தும் அருவருப்பு, அவனைப் பார்த்தும் அருவருப்பு.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று விடியவும் ஒரு பூச்சு அடித்தான். நிதுர்ஷன் தாய் அன்னப்பூரணியோடு வந்திறங்கினான். குசினியைப் பார்க்கப் போன தாய், சுவரோடு சாய்ந்துவிட்டார். நிமிர்ந்தபோது பட்டுச்சேலை முதுகெல்லாம் செதில். ஒன்றைக் கிள்ளி முகர்ந்தார். நாக்கு நுனியிலும் வைத்துப் பார்த்தார்.

"என்ன கா மச்சாள், செவர் கரிக்குது?"

தேத்தண்ணித் தட்டோடு வந்த ஆர்த்திகாவின் முகம் செத்துப்போனது.

"அது ஈரம் காயுது" என்றான் உதயரூபன்.

கேதீஸ்வரிக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "பொய் சொல்லாதங்க! மச்சாள், அது வாவி மணல். உப்புக் கிணத்துத் தண்ணியில கழுவினவர். வீட்டில பழுதில்ல, இந்த மனிசனிலதான் பழுது. மேசனை வெச்சு உடைச்சுக் கட்டித்தாறன், என்ட புள்ளைய வேணாமெண்டு மட்டும் சொல்லிராதங்க."

அன்னப்பூரணி விரலில் ஒட்டின செதிலைத் தட்டிவிட்டார். பிறகு சிரிப்பு வெடித்தது. "எங்கட வீட்டிலயும் இப்பிடி ஒரு மனிசன் இரிக்கு கா. அது போட்ட கக்கூஸ் கதவை வெளியில நிண்டாத்தான் பூட்டலாம். புள்ளையள் ரெண்டுக்கும் புடிச்சிரிக்கு, நாம என்னத்துக்குக் குறுக்க நிக்கிற? செவரை மட்டும் மேசனிட்டக் குடுங்க."

கேதீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பிழைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒன்றாய் நிறுத்திப் பார்க்க ஆசைப்பட்டு மாப்பிள்ளையைத் தேடினாள். ஆள் உள்ளே இல்லை. உதயரூபனும் இல்லை.

இரண்டு பேரும் கிணற்றடியில் நின்றார்கள். மாமன் வாளியால் அள்ளி ஊற்ற, மாப்பிள்ளை காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு மிச்ச மணலை அளைந்துகொண்டிருந்தான். கையில் அவளுடைய அரிதட்டு.

"ஒருக்காக் கழுவினதுதான் மாமா பிழை" என்றான் நிதுர்ஷன். "நானும் வீடியோவில பாத்தன். நல்லாக் கழுவினாச் சரிவரும்."

"அதைத்தான் மகன் நானும் சொல்லுறன்."

கேதீஸ்வரி குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்து, இரண்டு பேரும் வாயைப் பிளந்து நிற்க, கிணற்றுக் கயிற்றை அறுத்தாள். வாளி தொப்பென்று உள்ளே விழுந்தது.