அட்டை ராஜா

கலஹாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், பின் சீட்டில் இருந்த ஒருவனின் போனுக்குள்ளிருந்து ஷேனின் அம்மா அலறினாள். "ஐயோ, மாதாவே!" போன்காரன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் போனைப் பிடுங்கி, தானும் ஒரு தடவை அவளை அலறவைத்தான். முன் சீட்டில் இருந்த ஷேன் அருவருப்போடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

போனில் ஓடிய அந்த விளையாட்டைச் செய்ததே அவனுடைய ஸ்டூடியோதான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஹார்ட்வெயார் கடையொன்றின் மேல்மாடியில் 'ஈரமலை கேம்ஸ்' என்று போர்டு மாட்டி மூன்று பேர் தொடங்கினார்கள். கடைக்காரரின் மகன் இப்ஹாம் வியாபாரம் பேச. ருஷ்தா படம் வரைய. புரோகிராம் எழுத ஷேன். அவர்களுக்கு ஒரு வீம்பு இருந்தது: எந்தச் சத்தத்தையும் இன்டர்நெட்டில் எடுக்கமாட்டார்கள். மழை வேண்டுமென்றால் கலஹாவுக்குப் போய் நனைந்து பதிவார்கள்.

முதல் விளையாட்டின் பெயர் 'கொழுந்து'. விளையாடுபவர் தேயிலை பறிக்கும் பெண். காலில் ஏறும் அட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே கூடையை நிரப்ப வேண்டும். ஷேனின் அம்மா மேபல் கலஹாத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அவளுடைய கால்களைத்தான் படம் பிடித்தார்கள், அவளுடைய குரலைத்தான் பதிந்தார்கள். அங்கேதான் மடத்தனம். அட்டை கடித்ததற்கு எந்தத் தோட்டத்துப் பெண்ணும் கத்துவதில்லை. பிடுங்கி எறிவாள், மற்றக் கை கொழுந்தை விடாது. ஆனால் மேபல் சொல்லியும் இப்ஹாம் கேட்கவில்லை.

"கத்தாட்டி விளையாடுறவனுக்கு எப்பிடி விளங்கும், ஆன்ட்டி?"

மகனின் பிழைப்பாயிற்றே என்று மேபல் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் வளர்ந்த ஷேனுக்கு அது பொய் என்று தெரியும். வாயை மூடிக்கொண்டு பதிந்தான்.

'கொழுந்தை' ஒருவரும் சீண்டவில்லை. அப்புறம் ஒரு வெளிநாட்டுக் கம்பனி வந்தது. பெண்ணைவிட அட்டைதான் அழகாக இருக்கிறது என்றது. எவ்வளவு நல்ல ரசனை! விளையாட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். இப்போது விளையாடுபவர்தான் அட்டை. காலில் ஏற வேண்டும், இரத்தம் குடிக்க வேண்டும், ஊதிப் பருக்க வேண்டும். குடிக்கும்போதெல்லாம் மேபல் அலறுவாள், பாயிண்ட் ஏறும். 'அட்டை ராஜா' என்று பெயர்.

கம்பனி அனுப்பிய முதல் படத்தைப் பார்த்ததும் ருஷ்தா பையைத் தூக்கிக்கொண்டாள். "த்தூ, நீங்கெல்லாம் மனிசரா?" என்றுவிட்டுப் படியிறங்கிப் போனவள் திரும்பி வரவில்லை. ஷேன், வெட்கமில்லாமல், இருந்துகொண்டான். அம்மாவின் காதில் விழுவதற்குள் குரலையாவது மாற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். கேட்கும்போதெல்லாம் இப்ஹாம், "நாளைக்கு மச்சான்" என்றான்.

இன்று விடுவதில்லை என்று பஸ்ஸிலிருந்து இறங்கி ஸ்டூடியோப் படியேறினான். ஒலிப்பதிவு அறையைத் திறந்தால், உள்ளே கதிரையில் மேபல் உட்கார்ந்திருந்தாள். கண்டியில் மாதா கோயிலுக்குப் போவதாகக் காலையில் அவனுக்கு முந்திக் கிளம்பியவள். பூசைக்குக் கட்டும் சேலை, தலையில் ஹெட்போன், முகமெல்லாம் சிரிப்பு.

"வாடா! ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இந்தத் தம்பிதான் சொல்லுச்சு. விதவிதமா கத்தணுமாம். கேளு. ஐயோ, மாதாவே! இன்னும் கொஞ்சம் வலிக்கிற மாதிரி கத்தவா?"

"அதக் கழட்டுங்கம்மா."

"மச்சான், சும்மா இருடா" என்றான் இப்ஹாம்.

ஷேன் போனில் விளையாட்டைத் திறந்து அம்மாவின் கையில் கொடுத்தான். மேபல் தன் கால்களை அடையாளம் கண்டாள். கணுக்காலில் இருந்த தழும்பைக்கூட விடாமல் வரைந்திருந்தார்கள். கிரீடம் வைத்த அட்டை அதன் மேல் ஏறிக் குடித்தது. அவளுடைய குரல் மாதாவைக் கூப்பிட்டது.

"இந்த அட்ட யாரு?"

"வெளையாடுறவங்கம்மா."

"நான் மாதாவக் கூப்புடுறப்பத்தான் பாயிண்டு ஏறுதா?"

"ஆமாம்மா."

இப்ஹாம் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தான். "ஆன்ட்டி, ஒங்கட மகன்ட வேலயப் பாருங்களே. அட்ட நெளியிறத இவனப் போல ஒத்தனுக்கும் செய்ய வராது."

உண்மைதான். அந்த நெளிவுக்காக ஷேன் நாள்கணக்கில் மினக்கெட்டிருந்தான், சரியாக வந்தபோது சந்தோஷமும் பட்டிருந்தான். பஸ்ஸில் சிரித்தவர்கள் மேலும் இப்ஹாம் மேலும் இருந்த அருவருப்பெல்லாம் இப்போது அவன் விரல்களிலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

மேபல் கோபப்படவில்லை. இரவல் கொடுத்த பாத்திரத்தைக் கேட்பதுபோல இப்ஹாமிடம் கேட்டாள்.

"என் சத்தத்தக் குடுத்துருங்க தம்பி. நான் போறேன்."

"அது இப்ப எங்கட கையில இல்ல, ஆன்ட்டி. கம்பனிக்குக் குடுத்தாச்சி. எல்லார்ட போன்லயும் ஈக்கிது."

அவள் ஷேன் பக்கம் திரும்பினாள். கம்பியூட்டரில் தன் மகனால் முடியாதது ஒன்றுமில்லை என்று லயம் முழுக்கச் சொல்லிவைத்திருப்பவள் அவள்.

"இந்தத் தம்பிக்குத் தெரியாதாம். நீ எடுத்துக் குடுறா."

ஷேன் கம்பியூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். விரல்கள் எந்தப் பட்டனையும் தொடவில்லை. அவன் எடுத்துவிடுவான் என்று நம்பி, மேபல் அவனுக்குப் பின்னால் நின்று காத்திருந்தாள்.