சைமா ஏரியின் கழுத்து

உறைந்த ஏரியின் மேல் ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை நட்டுப் பாதை போட்டவர்கள், ஜலசந்திக்கு முன்னால் அதை வில்லாக வளைத்துவிட்டிருந்தார்கள். ஓஸ்மோ அந்த வளைவைப் பார்த்துச் சிரித்தான்.

"நட்டவன் குடிச்சிருப்பான் போல. உன் தங்கச்சி வீடு அதோ தெரியுது. நேராப் போனா பத்தே நிமிஷம்."

அவன் மனைவி ரைலி நின்றுவிட்டாள். "வேணாம். சுத்தியே போவோம்."

"ஒரு மணிக்கு உன் தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத் தகப்பன் நானே லேட்டாப் போனா நல்லாவா இருக்கும்? இனாரி, பையன்னே, பியெலினென்னு எல்லா ஏரியிலயும் பனியில ஓட்டை போட்டு மீன் புடிச்சவன்டி நான். மார்ச்ல பனி மேல லாரியே ஓடும்."

"அதெல்லாம் விரிஞ்சு கிடக்கிற ஏரி. இது சைமா. எங்க பாத்தாலும் தீவு. மேல்பக்கத்து ஏரித் தண்ணியெல்லாம் இந்தக் குறுகின கழுத்து வழியாத்தான் இறங்குது. ஓடுற தண்ணி பனிய அடியிலேருந்தே தின்னுடும்."

"விசேஷத்துக்குக் கழுத்துல ஆணி மாட்டிக்கிட்டு வர்றவதானே நீ!"

மரப்பிடி போட்ட இரண்டு ஆணிகள், ஒரு கயிற்றில். தண்ணீரில் விழுந்தால் பனியில் குத்தி ஏற. டை கசங்கும் என்று ஓஸ்மோ தன்னுடையதை வீட்டிலேயே விட்டுவிட்டான்.

அவன் நடந்தான். ரைலி, காலால் உதைத்துப் பனியில் சறுக்கிப் போகும், கேக் கட்டிய உதைவண்டியைப் பிடித்தபடி கடைசிக் கிளையருகே நின்றாள். இத்தனை நேரம் காலடியில் உறுமிக்கொண்டிருந்த பனி, அங்கே ஊமையாக இருந்தது. கனத்த பனிதான் உறுமும். முன்னால் பனியின் வெள்ளை சாம்பலாகி, சாம்பல் கறுத்துக்கொண்டே போனது.

"ஓஸ்மோ, நில்லு!"

கையசைக்கத் திரும்பினான். பனி உடைந்த சத்தமே இல்லை. தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது.

விளிம்பைப் பற்றினான், உடைந்தது. மறுபடி பற்றினான், வழுக்கியது. ஓடத் துடித்த கால்களை அடக்கி, ரைலி குப்புறப் படுத்தாள். ஆணிகளைக் கழற்றி வண்டிக் கைப்பிடியில் மாட்டி, வண்டியை முன்னால் தள்ளியபடியே ஊர்ந்தாள். சாம்பல் பனி. உள்ளங்கைக்கடியில் தண்ணீர் கசிந்தது. பனி அவளோடு சேர்ந்து தாழ்ந்தது.

தள்ளினாள். வண்டி அவன் கைக்கு எட்டாமல் சற்றுத் தள்ளி நின்றுவிட்டது.

"ரைலி... போயிடு..." அவன் உதடு நீலமாகியிருந்தது.

"வாய மூடு!"

இன்னும் ஒரு முழம் ஊர்ந்தாள். எங்கோ விரிசல் கீறியது. படுத்தபடியே உடம்பைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, வண்டியின் நீண்ட சட்டத்தைக் காலால் எட்டி உதைத்தாள். ஆணிகள் அவன் கைக்குப் போயின.

"வந்த பக்கமே திரும்பிக் குத்து! முன்னாடி குத்தாத! ஏறினதும் எழுந்திருக்காத, உருளு!"

குத்தினான். இழுத்தான். மீனாகத் துள்ளி வெளியே விழுந்தான். உருண்டான். வண்டியும் கேக்கும் சரிந்து கறுப்புத் தண்ணீரில் போயின.

கிளையருகே வந்தபோது அவன் கால்சட்டை பலகையாக விறைத்துவிட்டது. எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் தங்கை வீட்டுச் சவுனாவின், அந்த நீராவிக் குளியலறையின், புகை. பாதையோ எங்கோ வளைந்து போயிற்று. பற்கள் தந்தியடிக்க அவன் அந்தப் புகையையே பார்த்தான்.

"நின்னா செத்துருவ. ஓடு!"

வளைவு நெடுக இருபத்தேழு கிளைகள். ஓஸ்மோ ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக்கொண்டே ஓடினான்.