நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்

ஐலீன் காட்டிய கையை நம்பி முப்பத்தொரு வருடம் ரெக்ஸ் படகை இறக்கியிருந்தார். மார்ச் மாதம் அந்தக் கை தவறியது.

படகு இறக்கும் சரிவு குறுகலானது. இரண்டு பக்கமும் பாறை. லேண்ட் குரூசர் வண்டியைப் பின்னோக்கி ஓட்டி, படகோடு டிரெய்லரைத் தண்ணீருக்குள் விட வேண்டும். ரெக்ஸால் திரும்பிப் பார்க்க முடியாது. அவர் கழுத்தில் மூன்று எலும்புகளை அடிலெய்டில் தகடு வைத்து இணைத்திருந்தார்கள். கண்ணாடியில் அவருக்குத் தெரிவது தண்ணீர் ஓரம் நிற்கும் மனைவியும் அவள் கையும்தான். இடது என்றால் இடது. வலது என்றால் வலது. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்த வேண்டும். சரிவில் மற்றப் பெண்டாட்டிமார்கள் கத்துவார்கள், புருஷன்மார்கள் திருப்பிக் கத்துவார்கள். ஐலீன் ஒருநாளும் கத்தியதில்லை.

மார்ச்சில் அவள் வலதுக்குப் பதில் இடது காட்டினாள். டிரெய்லரின் சக்கரம் விளிம்பைத் தாண்டிப் பாறையில் இறங்கியது. "வேகமா வந்துட்டே நீ" என்றாள். ஏப்ரலில் மறுபடியும் அதேதான். அந்த முறை ரெக்ஸ் சந்தேகப்பட்டுப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார். "வெயில் கண்ணுல அடிச்சுது" என்று பழியைத் தானே வாங்கிக்கொண்டார். அதற்குள் டாக்டர் ஞாபகச் சோதனைக்காக அவளை ஒரு கடிகாரம் வரையச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் குவிந்து கிடந்தன.

தானியக் கிடங்குக்கு அடுத்தாற்போல் டார்சியின் வெல்டிங் பட்டறை. ரெக்ஸ் போய்ச் சொன்னார். வண்டியின் முன்பக்கம் ஒரு கொக்கி வேண்டும். டிரெய்லரை முன்னால் மாட்டி, கண்ணெதிரே பார்த்துக்கொண்டே தள்ள வேண்டும்.

டார்சி சிரித்தார். "இந்த வயசுல வண்டிக்கு மூக்குத்தி கேக்குதா கிழவா?"

"வெளிய தெரியக் கூடாது."

"ஏன், போலீசா?"

"ஐலீன்."

டார்சி கையுறையைக் கழற்றினார்.

"சனிக்கிழமையானா வண்டி மூக்குல உப்பு போகக் கழுவுறது அவதான்" என்றார் ரெக்ஸ். "கோதுமை லாரி ஓட்டினவ. முன்னால கொக்கி எதுக்குன்னு அவளுக்கு நான் சொல்ல வேணாம். பார்த்த உடனே புரிஞ்சுப்பா, தன்னை வேணாம்னுட்டான்னு."

"வீட்டுல மறைச்சுடுவ. சரிவுல படகே உன் மூக்குக்கு முன்னால நிக்குமே, அத எங்க மறைப்ப? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குற."

"அவ எடத்துல அவ நிப்பா. கை காட்டுவா. நான் என் கண்ணாலயே பாத்து ஓட்டிக்குவேன். கேட்டா எதாச்சும் சொல்லிக்கலாம்." ரெக்ஸ் தரையைப் பார்த்தார். "மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மறந்துடுவா."

டார்சி கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். மனசுக்குள் இருந்தபோது அந்த வார்த்தை இவ்வளவு அசிங்கமாக இல்லை என்று ரெக்ஸுக்குத் தோன்றியது.

வேலை மூன்று நாள் எடுத்தது. பம்பரைக் கழற்றினார்கள். பீர் அட்டைப்பெட்டியை வெட்டி அளவு பார்த்தார்கள். வண்டியின் அடிச்சட்டத்தின் இரண்டு முனையிலும் தடித்த தகடு வைத்துப் போல்ட் முடுக்கி, இடையே கனமான சதுரக் குழாயைக் குறுக்கே கொடுத்தார்கள். அதன் நடுவில், முன்னால் பார்த்தபடி, இன்னொரு குட்டைக் குழாய். கொக்கி செருகும் வாய் அதுதான். முதல் தடவை அது ஒரு கட்டைவிரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. டார்சி திட்டிக்கொண்டே வெட்டி, உள்ளே தள்ளிப் பற்றவைத்தார். பம்பரில் ஒரு சதுரம் அறுத்து, அதன்மேல் நம்பர் பிளேட்டைக் கீல் வைத்து மாட்டினார். தூக்கினால் குழாய். விட்டால் வெறும் எண்கள்.

டார்சியின் ஆட்டுப் பட்டியைச் செப்பனிடுவதாக ரெக்ஸ் வீட்டில் சொல்லியிருந்தார். ஐலீன் மூன்று நாளும் இரண்டு பேருக்குச் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அவள் வண்டியைக் கழுவுவதைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பர் பிளேட்டையும் துணியால் துடைத்தாள். பிறகு முன்விளக்கைத் துடைக்கப் போய்விட்டாள். அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மே மாதத்து முதல் வியாழக்கிழமை காலை சரிவில் யாரும் இல்லை. வண்டி நின்றதும் ஐலீன் தொப்பியை அழுத்திக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தாள். ரெக்ஸ் டிரெய்லரைக் கழற்றி, வண்டியைத் திருப்பி, நம்பர் பிளேட்டைத் தூக்கினார். கொக்கியைச் செருகி ஆணி போட்டார். டிரெய்லரை மாட்டி மெதுவாக முன்னால் தள்ளினார்.

இத்தனை வருடத்தில் இந்த வேலையில் அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்ததில்லை. கண்ணைச் சுருக்கி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். டிரெய்லரின் பின்பக்கத்தை விட்டுப் பார்வை நகரவில்லை. இடது காட்டினாள். வலதில்தான் போக வேண்டும். அவர் வலதில் போனார். அவள் மறுபடியும், இன்னும் அழுத்தமாக, இடது காட்டினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் நிறுத்தவில்லை. தண்ணீர் சக்கரத்தின்மேல் ஏறியது. படகு மிதந்தது. கோடு போட்டதுபோல் இறங்கியிருந்தது. இவ்வளவு நேராக ஒருநாளும் இறங்கியதில்லை.

அவள் கை இன்னும் நீட்டியபடி இருந்தது. பிறகு இறக்கினாள். வண்டியின் முன்னால் வந்து, தூக்கி நின்ற நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். கீலின்மேல் விரலை வைத்தாள்.

"எப்போ?"

"போன மாசம். கழுத்து வலி, ஐலீன். முன்னால பாத்து ஓட்டுனா சுளுவா இருக்கும்னு டார்சிதான் சொன்னான்."

"நிறுத்துன்னு காட்டினேன்."

"கவனிக்கல."

"என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தே."

அவர் எஞ்சினை அணைத்தார்.

"அப்ப எத்தன தடவ தப்பா காட்டியிருக்கேன்?"

"ரெண்டே ரெண்டு தடவ."

சொன்ன பிறகுதான், எண்ணி வைத்திருந்தவன்போல் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அவள் தலையாட்டினாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க ரெண்டு பேரும்" என்றாள். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். ரெக்ஸ் படகைத் தனியாகவே டிரெய்லரில் இழுத்து ஏற்றினார். அன்று மீன் பிடிக்கப் போகவில்லை.

மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துவிடுவாள் என்று காத்திருந்தார். சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைக் கழுவி வைத்தாள். அடுத்த வியாழக்கிழமை அவர் டிரெய்லரை மாட்டிவிட்டு ஹாரன் அடித்தார். அவள் வரவில்லை. உள்ளே போய்க் கூப்பிட்டார்.

"நீ போயிட்டு வா. நான் எதுக்கு அங்க?"

ஜூனில் அவள் நினைவிலிருந்து நாயின் பெயர் போயிற்று. ஆகஸ்டில் மகளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அடுப்பில் கெட்டிலை வைத்ததே நினைவிராது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ரெக்ஸ் மட்டும் விடாமல் கேட்டார்: "படகு இறக்கலாமா?"

"அதான் முன்னால வச்சிருக்கியே" என்பாள். அது ஒன்று போகவில்லை.

செப்டம்பரில் ஒரு முற்பகல், அவர் பம்பரைக் கழற்றிப் போட்டு இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தார். குழாயில் முதல் பொறி பறந்ததும் ஐலீன் வெளியே வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு.

"என்ன பண்ற?"

"வெட்டிப் போடறேன். பழையபடி பின்னாலயே இறக்கலாம். நீ கை காட்டு."

"லூசாடா நீ? நான் காட்டினா நீ பாறைலதான் போய் நிப்பே."

"நின்னா நிக்கிறேன்."

அவள் சுவருக்குப் போய் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரைக் கையிலும் முழங்கையிலுமாகச் சிக்கில்லாமல் சுற்றி, முனையை உள்ளே செருகி, அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.