லெஃப்ட் சைடு கொஞ்சம் கம்மி

இல்லங்க, வால்யூம் லிமிட்டை நான் குறையே சொல்லல, இந்த இயர்பட்ஸோட விஷயமே அதுதான், ஒரு அளவுக்கு மேல ஏத்த முடியாது, நீங்க குட்டிக்கரணம் போட்டாலும் ஏறாது, போன்ல இதோட ஆப்பைத் திறந்தா ஒரு கோப்பை படம் வரும், இந்த வாரம் உங்க காது எவ்வளவு சத்தம் குடிச்சிருக்குன்னு அது கொஞ்சம் கொஞ்சமா நிரம்பும், நிரம்பிடுச்சுன்னா போதும்ப்பான்னு தானா சத்தத்தைக் குறைச்சுக்கும்... நல்ல ஐடியா, எனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கு, பிரச்சனை லெஃப்ட்தான். போன வாரம் வந்த முதல் ஜோடியில லெஃப்ட் கம்மியா கேட்டுச்சு, பீஸ் சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டேன், மாத்திக் குடுத்தாங்க, இதுலயும் லெஃப்ட் கம்மி. சின்ன கம்பெனி, மொத்தமே ஒரு ரூம் அளவு ஆளுங்கதான் இருப்பாங்க போல, அதுல ஒரு இன்ஜினியர் பொண்ணு எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்துச்சு, சார், இந்த ஜோடியை நானே காதுல போட்டு செக் பண்ணித்தான் பேக் பண்ணேன், தப்பா எடுத்துக்காதீங்க சார், இந்தத் தடவை சரியா இருக்கும்னு. குரல்ல ஒரு நடுக்கம், பாவம்தான், ஆனா பாவம் பார்த்தா ரிவ்யூ எழுத முடியுமா. எங்க ரிவ்யூ வெப்சைட்டை நடத்துற எடிட்டர் அண்ணன்கிட்ட சொன்னேன், அவர் ஒரே குஷி, என்னப்பா, இதுலயும் லெஃப்ட் அவுட்டா, விடாத, போட்டுத் தாக்கு, சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடு. அவருக்குத் தெரியும், கமெண்ட்ல எல்லாரும் என்னைக் கூப்பிடறதே லெஃப்ட் மாஸ்டர்னுதான், வேற எவனுக்கும் தெரியாத சின்ன வித்தியாசத்தைக் கூட நான் பிடிச்சிடுவேன்னு.

சரி, தாக்கிடலாம்னுதான் மதியம் சாப்பிடாம உக்காந்தேன், மேஜை மேல லேப்டாப், ஜன்னல் சாத்தியாச்சு, ஃபேன் ஆஃப், எப்பவும் போடற அதே பாட்டு, ஆரம்பத்துல ரெண்டு கிட்டார் வரும், ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம், இடது கிட்டார் எங்கயோ பக்கத்து வீட்ல வாசிக்கற மாதிரி கேக்குது. எழுத வேண்டியதுதானே... ஆனா கை போகல, ஏன்னா யார் லெஃப்ட் கம்மியா கேக்குதுன்னு கமெண்ட் போட்டாலும் நான் ஒரே ஒரு வழிதான் சொல்லுவேன், பட்ஸை இடம் மாத்திப் போட்டுப் பாருங்க ப்ரோ, குறை பட்ஸோட கூடவே போகுதான்னு பாருங்க. ஊருக்கெல்லாம் சொல்றேன், நான் என்னைக்காவது மாத்திப் போட்டேனா? போட்டதில்ல, எனக்கு எதுக்கு, நான்தான் மாஸ்டராச்சே. இது லேசுல மாத்திப் போடவும் முடியாது, காதோட வளைவுக்கு ஏத்த மாதிரி செஞ்சிருக்காங்க, தலைகீழாத் திருப்பி விரலால அழுத்திப் பிடிச்சுக்கணும். பிடிச்சேன். லெஃப்ட் பட் வலது காதுல, அருமையா கேக்குது, கிட்டார் கம்பி மேல விரல் வழுக்கற சத்தம் கூட கேக்குது. ரைட் பட் இடது காதுல... பக்கத்து வீடு. திரும்ப மாத்தினேன், பஞ்சு வச்சுத் துடைச்சேன், திரும்ப மாத்தினேன், குறை பட்ஸோட போகல, இருந்த இடத்துலயே உக்காந்திருக்கு. பயம் வரணும்ல இந்த நேரத்துல? வரல, பசிதான் வந்துச்சு, அடுப்புல எதாவது இருக்குமான்னு யோசிச்சிட்டு ரெண்டு கையையும் காதுல வச்சபடியே உக்காந்திருந்தேன்.

அப்பதான் அக்கா வேலை முடிஞ்சு வந்தா, அவ கால் சென்டர், நாள் பூரா மண்டையில ஹெட்செட், வீட்டுக்குள்ள வந்ததும் யாரும் அவகிட்டப் பேசக் கூடாது, அவ மட்டும் பேசுவா. என்னடா அதை தலைகீழா மாட்டிட்டு உக்காந்திருக்க? டெஸ்ட் பண்றேன்க்கா. பரீட்சைக்குக் கூட நீ இவ்வளவு சின்சியரா உக்காந்ததில்லயேடா. இந்தா, நீ போட்டுப் பாருன்னு குடுத்தேன், செருப்பைக் கூட கழட்டாம சுவர்ல சாஞ்சு கண்ணை மூடிட்டுக் கேட்டா. நல்லாருக்கே, காதுக்குள்ள வந்து கத்தாம மரியாதையாப் பேசுது, எங்க ஆஃபீஸ்ல குடுக்கற சனியனுக்கு இது எவ்வளவோ தேவலாம். லெஃப்ட்டு? லெஃப்ட்டும்தான். கம்மியா இல்ல? இல்லடா, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, லெஃப்ட் மேல உனக்கு அப்படி என்ன காண்டு? நான் அவ சட்டையில இருந்த ஆஃபீஸ் பேட்ஜையே பாத்துட்டிருந்தேன். கழட்டிக் குடுத்துட்டு என் இடது பக்கமாத் தாண்டிப் போகும்போது எதோ சொன்னா, நான் திரும்பினேன், அவ சிரிச்சா. எதைச் சொன்னாலும் கோழி மாதிரி கழுத்தைச் சாய்ச்சு ஒரு பார்வை பாக்கற, எப்ப இருந்துடா இந்த ஸ்டைலு? நானும் சிரிச்சேன், சிரிப்பு வந்துச்சு, அது பாட்டுக்கு வந்துச்சு.

எப்ப இருந்து... அது எனக்கே தெரியாதே. அம்மா உடம்பு முடியாம படுத்திருந்த வருஷமா இருக்கலாம், அக்கா வேலைக்குப் போயிடுவா, நான்தான் வீட்ல, அடுத்த ரூம்ல அம்மா முனகிட்டே இருப்பாங்க, கேட்டுட்டே இருக்கவும் முடியாது, கேக்காம இருக்கவும் முடியாது, திடீர்னு தண்ணி கேப்பாங்க, திரும்பிப் படுக்க வைக்கணும். அதனால ஒரு காதுல மட்டும் மாட்டிப்பேன், ஃபுல் வால்யூம், ஒரு காதுன்னா ஃபுல்லா வச்சாத்தானே முனகல் அடங்கும். வலது காது அம்மாவுக்கு, இடது காது எனக்கு. அப்படியே தூங்கியும் போயிருக்கேன், எத்தனையோ நாள். அந்த ரூம் இப்ப காலியாக் கிடக்கு, துணி காயப் போடறோம். ஆப்புல கோப்பையைப் பாத்தேன், பச்சையா, அடியில கொஞ்சூண்டு, உங்கள் காதுகள் பாதுகாப்பாக உள்ளனன்னு கீழ எழுதியிருக்கு, நல்லாத்தான் எண்ணுது, ஆனா அது எண்ண ஆரம்பிச்சதே போன வாரம்தானே, முன்னாடி குடிச்சதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்.

பழைய ரிவ்யூவை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன், லெஃப்ட் கம்மி, லெஃப்ட் கொஞ்சம் கம்மி, லெஃப்ட் ஏமாத்துது... எத்தனை பேர் அதைப் படிச்சுட்டு வாங்காம போயிருப்பாங்க, எத்தனை கம்பெனியில யார் யாரு திட்டு வாங்கியிருப்பாங்க, இந்தப் பொண்ணு மாதிரி. இப்ப உண்மையை எழுதினா அண்ணன் என்னை வேலையில வச்சிருப்பாரா, காது சரியில்லாதவன் இயர்போனுக்கு மார்க் போட்டா எவன் நம்புவான், எழுதலன்னா அந்தப் பொண்ணு கதி என்ன ஆகும். விரல் அது பாட்டுக்கு டைப் பண்ணுச்சு, ரெண்டு பக்கமும் சமமாக் கேக்குது. கேட்டது அக்கா, எழுதினது நான், பேர் போடப் போறது என் பேர். அழகா வந்திருந்துச்சு வரி. அண்ணன் கேப்பார், என்ன மாஸ்டர், பல்டி அடிச்சிட்டன்னு, கேக்கட்டும், அப்ப பாத்துக்கலாம்.

கடைசியா ஒண்ணுதான் பாக்கி, பாட்டு எதுவும் ஓடாதப்ப பட்ஸ்ல இரைச்சல் வருதான்னு பாக்கணும், எல்லா ரிவ்யூலயும் அதுக்கு ஒரு வரி உண்டு. பாட்டை நிறுத்திட்டு அசையாம உக்காந்தேன். வந்துச்சு. இடது பக்கம், மெல்லிசா, ஊசி மாதிரி ஒரு கீ... சத்தம், நிக்கவே இல்ல. ஆஹா, இது ஒண்ணாவது சிக்கிச்சேன்னு ஒரு சந்தோஷம் கூட வந்துச்சு, வெக்கமில்லாம. இடது பக்கம் லேசான இரைச்சல்னு டைப் பண்ணிட்டு ரெண்டையும் கழட்டிட்டேன், டப்பாவுல வச்சு மூடிட்டேன், டப்பாவை டிராயர்ல போட்டு டிராயரையும் சாத்திட்டேன். சத்தம் அப்படியே இருக்கு. அக்காகிட்ட கேக்கலாம்னு பாத்தா அவ குளிக்கப் போயிட்டா, அண்ணனுக்கு அனுப்ப வேண்டிய மெயில் திறந்தபடியே இருக்கு, அந்த இரைச்சல் வரியை இன்னும் அழிக்கல. சரி, நீங்களே சொல்லுங்களேன், இப்பவே, படிக்கறதை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, எதுவும் ஓடாதப்ப ஒரு சத்தம் இருக்கும்ல? உங்களுக்கும் அப்படித்தானே, எல்லாருக்கும் இருக்கும்ல அது?