கொம்பி வேனின் சிவப்புச் சாவி

முட்டைக்கார ஒஸ்மார் தன் கல்யாண ஆசையை ஊருக்கே ஒலிபெருக்கியில் அறிவித்தது வேண்டுமென்று செய்ததல்ல. அந்த நேரத்தில் வேனில் மின்சாரமே இல்லை என்பது அவன் பக்கத்து நியாயம். இல்லை என்று முடிவு செய்தது அவன்தான், வேனைக் கேட்கவில்லை.

வேன் கொம்பி என்கிற பழைய ரகம். பின்னால் எஞ்சின், நடுவில் முட்டை அட்டைகள், கூரையில் குழாய் ஸ்பீக்கர். சும்மா நின்றாலே எங்கேயோ கரண்ட் கசிந்து, காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். கறிக்கடை வால்தீர்தான் தினமும் தள்ளிவிடுவான். தள்ளும்போது முட்டையைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் ஒஸ்மாரைப் பெற்றவளைப் பற்றியும் சில கருத்துகள் சொல்வான். அதைக் கேட்டுச் சலித்துத்தான் ஒஸ்மார் பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் ஒன்று வாங்கினான். சிவப்புச் சாவி வைத்தது. திருப்பி உருவிக்கொண்டால் வண்டி பிணம்.

வாங்கியது லௌரிந்தாவின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில். புருஷனை விட்டு வந்து தனியாகக் கடை நடத்துகிறவள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று ஒஸ்மாருக்கு நெடுநாள் ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை. தானே மாட்டித் தருவதாக அவள் சொன்னாள். கட்டிக்கொள்ளப் போகிறவள் முன்னால் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன் ஆகிவிடக் கூடாதே என்று, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டான். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சுவிட்ச் ஒயரைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று அவள் சொன்னதற்கும் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவன் தேர்ந்தவன்.

நெகட்டிவ் முனையிலிருந்து வண்டியின் பாடிக்குப் போகும் தடித்த ஒயரின் நடுவே சுவிட்சை வைத்து முடுக்கினான். ஸ்பீக்கரின் ஆம்ப்ளிஃபயருக்காக அவனே ஒரு காலத்தில் பேட்டரியின் இரண்டு முனையிலும் நேராக முறுக்கிவிட்ட மெல்லிய ஒயர்கள் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்த்தான். இத்தனை வருஷம் ஆகியும் விடவில்லையே என்று பெருமைகூடப் பட்டான்.

சனிக்கிழமை மதியம் கோயில் சதுக்கத்து மாமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சிவப்புச் சாவியைத் திருப்பி உருவினான். விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. பரம திருப்தி. அந்தத் தெம்பில், லௌரிந்தாவிடம் சொல்லப்போவதைக் கண்ணை மூடி ஒருமுறை சொல்லிப் பார்த்தான். முட்டை விற்றுப் பழகியவனுக்குக் கையில் மைக் இல்லாமல் வார்த்தை வராது. எடுத்துக்கொண்டான். தலைக்கு மேலே குரல் முழங்கியது அவனுக்கு உறைக்கவே இல்லை. அவன் குரல் அங்கிருந்து வருவதுதான் வழக்கம்.

"லௌரிந்தா, நான் ஒண்ணும் பெரிய ஆளில்ல. தொப்பை இருக்கு, குறட்டை இருக்கு. ஆனா மனசு புதுசு, நேரா பண்ணையிலேருந்து வந்தது. என்னைக் கட்டிக்குங்க. கீறல் இருந்தா மாத்தித் தர்றேன்."

கண்ணைத் திறந்தபோது, வால்தீர் கடைவாசலில் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான்.

மினாஸ் என்கிற அந்த மலைப்பகுதி ஊர்களில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. "ஸ்பீக்கர் நல்லாக் கேக்குதுப்பா" என்றதோடு வால்தீர் நிறுத்திக்கொண்டான். பாதிரியார் முட்டை வியாபாரத்தை விசாரித்துவிட்டு, எதற்கும் பொறுமை வேண்டும் என்றார். ரொட்டிக்கடைக்காரி கேட்காமலே ஒரு சீஸ் ரொட்டி கூடுதலாகப் போட்டாள். அது வாழ்த்தா அனுதாபமா என்று தெரியாமலே தின்றான். லௌரிந்தாவின் கடை அடுத்த தெருவில்தான். அவள் காதில் விழுந்ததா என்று கேட்டால், காற்று அன்றைக்கு எந்தப் பக்கம் அடித்தது என்று எல்லோரும் யோசித்தார்கள்.

திங்கட்கிழமை பேட்டரி மறுபடி காலி. வால்தீர் எந்தக் கருத்தும் சொல்லாமல், எங்கே என்றும் கேட்காமல், வண்டியை லௌரிந்தா கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

அவள் பின்மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சர்க்கரை தூக்கலாகக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"சனிக்கிழமை கடையிலதான் இருந்தீங்களா?" என்றான் ஒஸ்மார்.

"இருந்திருப்பேன்."

"சத்தம் கித்தம் ஏதாவது?"

"ஊர்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்."

சுவிட்சுக்குச் சிக்காமல் கரண்ட் குடித்துக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து கழற்றி, சுவிட்சுக்கு அந்தப் பக்கம், பாடியோடு சேர்த்து முடுக்கினாள். சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்றை வைத்தாள். சாவியைத் திருப்பியதும் ஸ்பீக்கர் கர்ரென்றது. மறுபடி திருப்பி, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப மைக்ல பேசிப் பாருங்க."

"என்ன பேசட்டும்?"

"சனிக்கிழமை பேசினதையே பேசுங்க."

ஒஸ்மாரின் காது சிவந்தது. ஏறி உட்கார்ந்தான். அவள் ஜன்னலோரம் வந்து நின்றாள். தெருவில் வால்தீர் ஏதோ ஒரு டயரை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"லௌரிந்தா," என்றான் மைக்கில். கூரையிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஸ்பீக்கர் இல்லாத தன் குரல் இவ்வளவு சின்னதா என்று அவனுக்கே பாவமாக இருந்தது. பண்ணை, கீறல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. மைக்கை மடியில் வைத்துவிட்டான்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

பார்க்கலாம் என்பாள், இந்த ஊரில் வேறென்ன சொல்வார்கள் என்று காத்திருந்தான். லௌரிந்தா சிவப்புச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டாள்.

"அன்னிக்கு நீங்க ஊரைக் கேட்டீங்க, ஊரே பதில் சொல்லட்டும்னு விட்டுட்டேன். இப்பதான் என்னைக் கேக்கறீங்க."

"அதான் கேக்கறேன்."

"கட்டிக்கிறேன்," என்றாள்.