இடது கட்டைவிரல்

கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு புருஷனைக் கூப்பிடுகிற ஆள் அவள். இடி இடித்தால் டி.வி.யை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவாள். இப்படிப்பட்டவள் போலீஸில் ரேகைப் பிரிவில் இருக்கிறாள் என்றால் சொந்தபந்தத்தில் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். கொலை நடந்த வீட்டுக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். கதவு, கண்ணாடி, கைப்பிடி என்று ஒவ்வொன்றாக மெல்லிய பிரஷ்ஷால் கறுப்புப் பொடி தடவுவாள். விரல் பட்ட இடம் மெதுவாக எழும்பி வரும். அதை ஒட்டுநாடாவில் உரித்தெடுத்து அட்டையில் ஒட்டுவாள்.

"அங்கெல்லாம் போனா பயமா இருக்காதா?" என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள்.

"நான் போறதுக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சிருக்கும் அண்ணி. அப்புறம் என்ன பயம்?"

அலுவலகத்தில் அவளுக்குப் பவுடரக்கா என்று பெயர். வைத்தவன் போட்டோகிராபர். அவன் நல்ல உயரம், கழுத்து வேறு நீளம். பதிலுக்கு அவள் அவனை ஒட்டகம் ஆக்கிவிட்டாள். அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் "டேய் ஒட்டகம், இங்க வாடா" தான். அவனும் "இதோ வந்துட்டேன் பவுடரு" என்று சிரித்துக்கொண்டே வருவான்.

அன்றைக்குப் போன வீட்டில் ஒரு அம்மா தனியாக இருந்தவர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிலில் செத்துக் கிடந்தார். பின்கதவின் கண்ணாடி உடைந்திருந்தது. படுக்கையறை பீரோ திறந்து, புடவையெல்லாம் தரையில் வாரி இறைத்திருந்தது. பார்த்தவுடனே திருட்டு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

முதலில் ஒட்டகம் போய் ஒரு பொருளையும் யாரும் தொடுவதற்கு முன் மூலைமுடுக்கெல்லாம் படம் எடுத்தான். பிறகு போலீஸ் டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். "இப்ப எதையும் சொல்ல மாட்டேன். உடம்பை அறுத்துப் பார்த்துட்டுத்தான் வாயைத் திறப்பேன்" என்று சொல்லிவிட்டு உடலோடு போனார். மோப்ப நாய் தலையணையை மோந்தது, வீட்டைச் சுற்றி ஓடியது, கடைசியில் மாடிப்படிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. நாயைக் கூட்டி வந்தவர் என்ன சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

"வெயிலுக்கு நிழல் பார்த்துப் படுத்திருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு.

மாடியில் குடியிருந்தவர்தான் காலையில் போலீஸுக்குப் போன் செய்தவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. "பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டாங்க சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லும்போது கண் கலங்கியது. "ஆனா நான் கூடத்தைத் தாண்டி உள்ள போனதே கிடையாது. தனியா இருக்கிற பொம்பளை, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க இல்லையா."

பீரோவின் உள்கண்ணாடியில் அவளுக்கு ஒரே ஒரு தடம் கிடைத்தது. கட்டைவிரல், முழுசாக. நடுவில் சாய்வாக ஒரு கோடு. எப்போதோ ஆழமாக வெட்டுப்பட்டு ஆறிய தழும்பு. அந்தக் கோட்டுக்கு இருபக்கமும் ரேகைகள் ஒன்றோடொன்று சேராமல் விலகி நின்றன. இப்படி ஒன்று கிடைப்பது அதிர்ஷ்டம். அதை அட்டையில் ஒட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு கூடத்து மேஜையில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் எதிர்வீட்டில் விசாரிக்கக் கிளம்பினார். போகிற போக்கில் மாடிக்காரரிடம், "உங்க ரேகையையும் குடுத்துடுங்க சார். வீட்டுக்குள்ள புழங்குறவங்களோடதைக் கழிச்சாத்தான் திருடனோடது தனியா தெரியும்" என்றார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளும் தெருவில் மாட்டிக்கொண்ட லாரியை ஒதுக்கிவிடப் போனார். கூடத்தில் அவளும் மாடிக்காரரும் மட்டும்.

"உக்காருங்க சார். கையைத் தளர்வா விடுங்க, நானே பிடிச்சு உருட்டிக்கிறேன்."

வலது கையில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாக மையில் தொட்டு, தாளில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் உருட்டினாள். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அப்படி இருப்பதுண்டு. "பாவம், நல்ல சாவு இல்ல" என்று அவளே ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னாள்.

அடுத்து இடது கை. கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்து எடுத்துத் தாளில் உருட்டினாள்.

சாய்வாக ஒரு கோடு.

அவள் கண்ணைத் தூக்கவில்லை. அந்தக் கட்டைவிரல் இன்னமும் அவள் இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்தது. கத்தலாம் என்றால் குரல் வரவில்லை. அவள் கை நடுங்க ஆரம்பித்தது. தான் நடுங்குவதைவிட, அந்த நடுக்கத்தை அவர் விரல் உணர்ந்துகொண்டிருக்கிறதே என்ற நினைப்புத்தான் அவளை இன்னும் உலுக்கியது.

"கண்ணாடி வெட்டினது" என்றார் அவர். "லென்ஸ் தேய்க்கிறப்ப. வேலை கத்துக்கிட்ட புதுசுல."

"அப்படியா."

"ஏன் உங்க கை நடுங்குது?"

"சுகர் சார்." பொய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "காலையிலேருந்து சாப்பிடல. குறைஞ்சுபோனா இப்படித்தான் படபடன்னு வரும்."

"அடடா, இருங்க."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். கூடத்திலிருந்து அவளுக்கு அந்த அலமாரி நன்றாகவே தெரிந்தது. ஒரே மாதிரி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. அவர் திறந்து திறந்து பார்க்கவில்லை. நேராகக் கையை நீட்டி ஓரத்து டப்பாவை எடுத்து, மூடியைத் திருகி, கீழ் இழுப்பறையிலிருந்து ஸ்பூனை எடுத்துச் சர்க்கரையை அள்ளினார்.

ஓடிவிடலாம் என்று அவள் எழப் பார்த்தாள். அதற்குள் அவர் வந்து ஸ்பூனை அவள் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார்.

"சாப்பிடுங்க. அம்மா எப்பவும் அந்த ஓரத்துலதான்..."

பாதியில் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

அவள் வாயைத் திறந்து அந்தச் சர்க்கரையை வாங்கிக்கொண்டாள். கரையவே மாட்டேன் என்று நாக்கில் மணல் மாதிரி கிடந்தது. பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி, "இன்னும் நாலு விரல் பாக்கி சார். கையைக் குடுங்க" என்றாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் கையில் இருக்கிற வரைக்கும் அந்தக் கை வேறெதையும் செய்யாது என்பது மட்டும்தான் அப்போது அவள் புத்திக்கு எட்டியது.

அவர் உட்காரவில்லை. மேஜை மேலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது யாரோடது?"

"அந்தம்மாவோடதுதான். அவங்க வீட்டுல அவங்களோடதுதானே இருக்கும்."

அவர் உருப்பெருக்கியைக் கையில் எடுத்தார். கண்ணாடிக் கடைக்காரர், அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டையின் மேல் குனிந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் தட்டியது. ஒட்டகம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன பவுடரு, முடிஞ்சுதா? வண்டி கிளம்புது."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"இல்லைங்க தம்பி. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு. நீங்க போயி இன்ஸ்பெக்டர் சாரைக் கூட்டிட்டு வர்றீங்களா? அவர் ஒரு கையெழுத்துப் போடணும். நீங்களும் கூட வாங்க."

ஒட்டகம் அப்படியே நின்றான். நீளக் கழுத்தை ஒருமுறை அவள் பக்கமும் ஒருமுறை மாடிக்காரர் பக்கமும் திருப்பினான். "சரிங்கக்கா" என்றான். மெதுவாகப் படி இறங்கிப் போனான்.

புரிந்துகொண்டானா, இல்லை வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டானா? அவளுக்குத் தெரியவில்லை.

மாடிக்காரர் நடந்து போய் வாசல்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"காத்து அடிக்குது" என்றார். வெளியே ஒரு இலை அசையவில்லை.

திரும்பி வந்து அவளுக்கு எதிரே, முன்பைவிட நெருங்கி உட்கார்ந்து, தானாகவே இடது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலை அவள் மையில் தொட்டாள். உருட்டினாள். நடு விரலைத் தொட்டாள். தாளில் தடம் கோணல்மாணலாக விழுந்தது. "சரியா வரல, இன்னொரு தடவை" என்றாள். எத்தனை தடவை வேண்டுமானாலும் அவள் சொல்லத் தயார்.

"காலி பண்ணச் சொன்னாங்க" என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. "பொண்ணு குடும்பத்தோட வர்றாளாம், மாடி வேணுமாம். எத்தனை வருஷம் இந்த வீட்டுல இருந்திருக்கேன். மருந்து வாங்கிட்டு வந்தது யாரு, லைட் மாத்துனது யாரு? பிள்ளை மாதிரின்னு ஊரெல்லாம் சொன்னாங்க. ஒரே நாள்ல, வேற இடம் பார்த்துக்கோப்பான்னு... நான் எங்க போவேன், சொல்லுங்க?"

"கஷ்டம்தான் சார்."

"தூங்குறப்பதான். அவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அவள் மோதிர விரலை உருட்டினாள். தனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். யாரைக் கூப்பிட்டோம், யாரை விட்டோம் என்று வரிசை தவறிவிட்டது.

பின்பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். உடைந்த கண்ணாடி வழியாக யாரோ கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்குகிறார்கள். மாடிக்காரர் அந்தச் சத்தம் கேட்ட அதே நொடியில் அவள் மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்தார். ஒல்லி உடம்பில் அத்தனை பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. அவளுக்குக் கடைசியில் குரல் வந்தது. தெருமுனை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் சமையலறை வழியாக வந்து நின்றார்கள். பின்னால் ஒட்டகம், மூச்சிரைக்க.

"கையை விடுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி. "எதுவானாலும் பேசிக்கலாம். முதல்ல அவங்க கையை விடுங்க."

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், மேஜை மேலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு, கடையில் வேலை முடிந்து கருவியைக் கீழே வைக்கிறவர் மாதிரி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். கான்ஸ்டபிள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மணிக்கட்டைத் துடைக்கப் போனவளை ஒட்டகம் தடுத்தான்.

"அக்கா, வேண்டாம்! அப்படியே வையுங்க."

மணிக்கட்டில் கறுப்பு மையில் நாலு விரல் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. கொலைகாரன் பிடித்த பிடி. அதுவும் சாட்சிதான், படம் எடுத்தாக வேண்டும். அவள் உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். அவளுக்குக் கை நடுங்கியது, அவனுக்குக் கேமரா நடுங்கியது. திரும்பத் திரும்ப எடுத்தும் படம் கலங்கலாகவே வந்தது. கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்.

"நீங்க 'வாங்க'ன்னீங்களா, அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு" என்றான் ஒட்டகம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "இத்தனை வருஷத்துல ஒருநாளாவது எனக்கு மரியாதை குடுத்திருக்கீங்களா? ஓடினேன் பாருங்க, லாரிக்காரன் திட்டினதுகூட காதுல விழல."

அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

சாயந்திரம் டாக்டர் வாயைத் திறந்தார். தலையணையால் மூச்சை அடைத்திருக்கிறார்கள் என்றார். நாயைக் கூட்டி வந்தவர் எல்லோரிடமும், "நிழல் பார்த்துப் படுத்துச்சா? இப்ப சொல்லுங்க" என்று ஒருவாரம் கேட்டுக்கொண்டிருந்தார். செத்துப்போன அம்மாவின் பெண்ணும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண் ரேகைப் பிரிவுக்கே தேடி வந்து பவுடரக்காவின் கையைப் பிடித்துக்கொள்ளப் போனாள். பவுடரக்கா சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்புறம் வெட்கப்பட்டுத் தானே நீட்டினாள்.

வீட்டில் சொல்லவே இல்லை. கை ஏன் கன்றியிருக்கிறது என்று புருஷன் கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். மறுநாள் டீயில் அவர் வழக்கம்போலச் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தபோது ஒரு வாய் குடித்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். அன்றைக்குத்தான் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். "வேலையை விட்டுடேன்" என்றார். "பார்க்கலாம்" என்றாள் அவள்.

விடவில்லை. கொஞ்சநாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த வீடு ஒரு நகைக்கடைக்காரருடையது. வேலைக்காரர்கள் நாலைந்து பேர் ரேகை கொடுக்க வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினான். சின்னப் பையன் முகம், ஒரு பாவமும் அறியாத கண். அவள் மைத்தட்டைத் திறக்க முடியாமல் மூடியோடு போராடிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பேப்பரை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். வாசற்படியில் ஒட்டகம் குந்திக்கொண்டு கேமராவைத் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான்.

"ம், கையைத் தளர்வா விடுப்பா" என்றாள் அவள்.